சனிக்கிழமை வகுப்புக்கு வராதவன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சொன்னவருக்கு என் படிப்பு தெரியாது போல. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். நீங்களெல்லாம் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கிவிட்டு வந்தவர்கள். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது, அப்படியே விட்டுவிடுங்கள்.

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தடவை எழுதியதைப் படித்தால் மேலதிகாரிகளைக் குறை சொல்கிற மாதிரி இருந்தது. ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம் வந்தது. இரண்டாம் தடவை எழுதியதில் யாரையும் குறை சொல்லவில்லை. அதைப் படித்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. இது மூன்றாவது. இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

நான் கள்ளக்குறிச்சியில் நன்னடத்தை அலுவலகத்தில் கடைநிலை ஊழியனாக இருந்தேன். டீ வாங்குவது, தபால் கட்டுவது, பைல் தூக்குவது. இதுதான் எழுத்தில் என் வேலை. எழுத்தில் இல்லாத வேலை ஒன்று இருந்தது. எங்கள் அலுவலர் அய்யாவுக்கு முழங்கால் வலி. ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை என்று சமவெளியில் எங்கே விசாரணை இருந்தாலும் பஸ்ஸில் போய்வருவார். கல்வராயன் மலை என்றால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். நான் போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வேன். அவர் 'நேரில் சென்று விசாரித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் காலுக்குப் பதில் என் கால். சர்க்காரில் இதற்குப் பெயர் அதிகாரப் பகிர்வு.

ஜெயிலில் இருக்கிறவர் சில நாள் விடுப்பில், அதாவது பரோலில் வீட்டுக்குப் போக மனுப் போட்டால், ஜெயிலிலிருந்து எங்களுக்கு ஒரு படிவம் வரும். குடும்பம் ஏற்குமா, ஊரில் எதிர்ப்பு உண்டா, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன சொல்கிறது என்று விசாரித்து எழுத வேண்டும். அந்தப் படிவத்திலேயே 'சீர்திருத்தச் சிகிச்சை பெற்றாரா' என்று ஒரு கேள்வி இருக்கும். அதை ஜெயிலில் நிரப்பி அனுப்புவார்கள். பெற்றார் என்றிருந்தால் மற்றதெல்லாம் சுலபம். மறுத்தார் என்றிருந்தால், மற்றதை யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். என் காலும் எல்லா நேரமும் மலை ஏறவில்லை. வாரச் சந்தை அன்றைக்கு மலையே அடிவாரத்துக்கு இறங்கி வந்துவிடும். புளி, கடுக்காய், சாமை என்று தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். சந்தையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தால் பத்து ஊர் விசாரணையை ஒரே நாளில் முடித்துவிடலாம். இதற்கு நானே வைத்த பெயர் சந்தை விசாரணை. தப்புதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். வீட்டு வாசலில் நின்று கேட்டால் ஜனங்கள் சர்க்காருக்குப் பதில் சொல்வார்கள். சந்தையில் கேட்டால் பேசுவார்கள்.

வெள்ளையன் பைல் வந்தது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில். எங்கள் பக்கம் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஒரு நாள் ஓடும், மூன்று நாள் நிற்கும். கைதானவர்களை வண்டி வண்டியாக ஜெயிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளையன் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர்க்காரன். சாமை போடுகிறவன். பக்கத்துக் காட்டுக்காரனை, தன் பங்காளி முறைக்காரனை, கடப்பாரையால் அடித்ததில் அந்த ஆள் செத்துப்போனான். இதற்குத்தான் தண்டனை. கோர்ட்டில் அவனுக்காகப் பேசிய வக்கீல், 'குடிபோதையில் நிதானம் இல்லாமல் அடித்துவிட்டான்' என்று வாதாடியிருக்கிறார். அதை நம்பித் தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போனதும், குடியால் குற்றம் செய்தவன் என்று பைலைப் பார்த்து, குடியை நிறுத்தும் வகுப்பில் சேர்த்தார்கள். சனிக்கிழமை தோறும் ஒரு டாக்டர் வருவார். எல்லோரும் எழுந்து நின்று, நான் குடிகாரன், குடியால் கெட்டேன், இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் சொன்னால் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள்.

வெள்ளையன் சொல்லவில்லை. 'நான் குடிக்கறவன் இல்ல' என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்புக்கே போகவில்லை. சிகிச்சை மறுத்தார் என்று எழுதிவிட்டார்கள். அவன் அம்மா செத்தபோது கேட்ட பரோல் அதனால் நின்றது. அந்தக் காகிதத்தைத் தபாலில் கட்டியவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தபால் தலை சரியாக ஒட்டியிருக்கிறதா என்றுதான் இரண்டு தடவை பார்த்தேன்.

இந்தத் தடவை மனுவில் வேறு காரணம் இருந்தது. மலையில் நிலம் அளந்து பட்டா கொடுக்கச் சர்வேயர் வரப்போகிறார், என் எல்லையில் நான் நிற்க வேண்டும், மூன்று நாள் விடுங்கள் என்று யாரையோ வைத்து எழுதியிருந்தான்.

அலுவலர் அய்யா படித்துவிட்டு, "யோவ், இது வழக்கமான கேசு. மறுத்தார்னு இருக்குது. பரிந்துரைக்க இயலாதுன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம். ஆனா விசாரிச்சேன்னு எழுதணுமே. அடுத்த சந்தைக்குப் போய் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு வா" என்றார்.

போனேன். குடிப்பானா மாட்டானா என்று யாரிடம் கேட்பது? சொந்தக்காரன் மாட்டான் என்பான், ஆகாதவன் குடிப்பான் என்பான். ரொம்ப யோசித்து, அடிவாரத்தில் மறைவாகச் சாராயம் விற்றுக்கொண்டிருந்த சமவெளிக்காரர் ஒருவரிடம் போனேன். போலீஸ் என்று நினைத்து எழுந்து ஓடப் பார்த்தார். பைலைக் காட்டி உட்கார வைத்தேன்.

"வெள்ளையனா? அவன் எங்களுக்கு ஆவாதவன் சார்" என்றார்.

"ஏன், கடன் சொல்லுவானா?"

"கடன் சொன்னா பரவால்லியே. வாங்கினாதான கடன் சொல்றதுக்கு? சும்மா குடுத்தாக்கூட மோந்து பாக்க மாட்டான். அவன் கல்யாணத்துலயே அவன் மட்டும் மோர் குடிச்சிக்கினு உக்காந்திருந்தான்."

"கோர்ட்டுல குடிச்சிட்டு அடிச்சதா எழுதியிருக்குதே?"

"கோர்ட்டு என்கிட்ட கேக்கலியே சார். கேட்டிருந்தா கற்பூரம் அடிச்சி சொல்லியிருப்பேன். எங்க கணக்குல இல்லாத ஆளு அவன்."

சந்தோஷமாகத் திரும்பி வந்து அய்யாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சாட்சி யாரு?"

"சாராயம் விக்கறவருங்க."

"ஒரு மனுஷன் குடிக்க மாட்டான்னு சாராயம் விக்கறவன் சொன்னான், இதை நான் பைல்ல வெக்கணும். அவன் கையெழுத்துப் போடுவானா?"

"மாட்டாருங்க. பேரு போடக் கூடாதுன்னு காலுல வுழுந்தாரு."

"ஊருலயே விஷயம் தெரிஞ்ச ஒரே சாட்சி. அவனுக்கும் பேரு இல்ல" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்விதான் என்னை மலை ஏற வைத்தது. "குடிச்சிட்டு அடிச்சான்னா குடிய நிறுத்தினா போதும். குடிக்காம அடிச்சான்னா, எதை நிறுத்தறது? திரும்ப அதே எல்லைக்குத்தானே போறேங்கறான்?"

அது வரைக்கும் நான் பயந்ததெல்லாம் அவன் வெளியே வந்து குடிப்பானோ என்றுதான். படிவத்தில் அந்தக் கேள்விதானே இருக்கிறது! அவன் யார் மேல் கோபமாக இருக்கிறான் என்று படிவத்தில் எங்கேயும் கேட்கவில்லை.

பஸ் ஓடாத நாள் அது. கச்சிராயபாளையம் வரைக்கும் ஒரு கரும்பு டிராக்டரில் போய், அங்கிருந்து நடந்தேன். முதலில் வெள்ளையன் பெண்டாட்டி சின்னப்பொண்ணுவைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாமைக்காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். "வந்து நிக்கட்டும் சார். ஆம்பள இல்லாத வூடுன்னு ஆளாளுக்கு உள்ள தள்றாங்க. எங்க எல்ல அந்தப் பாறை வரைக்கும். அவரு வந்து ஒரு வார்த்த சொன்னாருன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றாள். இது எதிர்பார்த்த பதில்தான்.

அடுத்து செத்தவன் பெண்டாட்டி மங்கா. அவள் எதிர்க்கிறேன் என்று சொன்னால் கதை முடிந்தது. உள்ளுக்குள் அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட நான் வேண்டிக்கொண்டேன். பொறுப்பு அவள் தலையில் போய்விடும் பாருங்கள்.

அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்ப வருவான்?"

"வரலாமான்னு கேக்கத்தாம்மா வந்திருக்கேன். நீ வேணாம்னா வேணாம்."

"நான் ஏன் வேணாம்னு சொல்றேன்? அவன் வந்தாதான் சார் கல்லு எங்க இருந்துதுன்னு தெரியும்."

"எந்தக் கல்லு?"

"எல்லைக்கல்லு. எங்க வூட்டுக்காரரு செத்த அன்னிக்கு அது எடத்துல இல்ல. எங்க இருந்துதுன்னு அவருக்குத் தெரியும், அவரு பூட்டாரு. இன்னொருத்தனுக்குத் தெரியும், அவன் ஜெயில்ல கீறான். எங்க கொழுந்தனுங்க ரெண்டு பேரு இருக்கறானுங்க. எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ள, கொண்டுக்கினு எங்க போயிடப் போறாளுன்னு அவனுங்களே கல்லு நட்டுப்பானுங்க. வாய்க்கு வந்த எடத்த சர்வேயருக்குக் காட்டி, எங்க காட்ட அவனுங்க பேருல ஏத்திப்பானுங்க."

"வெள்ளையன் மட்டும் நெஜம் சொல்லுவானா?"

"அவன் கோவக்காரன் சார். என் தாலிய அறுத்தவன். அவன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல எனக்கு. ஆனா பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

ஒரு ஆள் வர வேண்டும் என்று இரண்டு பெண்கள் சொல்கிறார்கள். ஒருத்தி அவன் தனக்காகப் பேசுவான் என்று நம்புகிறாள், இன்னொருத்தி அவன் நியாயம் பேசுவான் என்று நம்புகிறாள். இரண்டும் நடக்க முடியாது. நடுவில் இரண்டு கொழுந்தன்மார். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இறங்கி வந்து அய்யாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "நீயே எழுது. பரிந்துரைக்கிறேன்னு நீ எழுதினா நான் கையெழுத்துப் போடறேன். நல்லபடியா முடிஞ்சா நான் எடுத்த முடிவு. ஏடாகூடமா ஆச்சுன்னா பியூன் தப்பா சொல்லிட்டான்னு சொல்லுவேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படாத."

இவ்வளவு நேர்மையாக என்னிடம் பேசிய மேலதிகாரி அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உங்களுடையவர்கள் இதையே செய்வார்கள், முன்னாடி சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பரிந்துரைக்கிறேன் என்று எழுதினேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். இயலாது என்று எழுதியிருந்தால் மங்காவுக்குப் பதில் சொல்ல மறுபடியும் மலை ஏற வேண்டும். அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

என் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் பரோல் கொடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடந்தது வேறு. போராட்டத்தில் கைதானவர்கள் வந்து வந்து ஜெயிலில் படுக்க இடமில்லை. கையில் இருக்கிற பரோல் மனுவையெல்லாம் கிளப்பி ஆட்களைக் கொஞ்ச நாளைக்கு வெளியே அனுப்புங்கள் என்று மேலே இருந்து வாய்மொழியாக வந்துவிட்டது. முதலில் சனிக்கிழமை வகுப்பில் சீட்டு வாங்கியவர்கள் மொத்தமாகப் போனார்கள். அவர்களில் சிலர் ஜெயிலுக்கு எதிர்ச்சாரிப் பிராந்திக் கடையிலேயே திருந்தியதைக் கொண்டாடியதாகக் கேள்வி. அப்படியும் இடம் போதவில்லை. அதன் பிறகுதான் வெள்ளையன் பைலைத் திறந்தார்கள். ஊரிலிருந்து இவ்வளவு பேர் வந்து ஒண்டாமல் இருந்திருந்தால் அந்தப் பைல் திறந்தே இருக்காது.

அதிலும் ஒரு சிக்கல். சிகிச்சை மறுத்தவனை வழிக்காவல் இல்லாமல் அனுப்பக் கூடாது. போலீஸ் எல்லாம் ரோட்டில் மரத்துக்குக் காவல். யாராவது சர்க்கார் ஆள் கூடப் போனால் போதும் என்றார்கள். அய்யா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

வெள்ளையனை நான் முதன்முதலில் பார்த்தது ஜெயில் வாசலில்தான். ஒல்லியான ஆள். பேச்சு கம்மி. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மூன்று தடவை டிக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஏம்பா, அந்த வகுப்புல ஒரு வார்த்தை குடிகாரன்னு சொல்லிட்டுப் போயிருந்தா அம்மா சாவுக்கு வந்திருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம் சார். ஆனா அடிச்சது நானு. சாராயம் இல்ல. சாராயத்து மேல பழியப் போட்டுட்டு நான் வெளிய வந்தா நல்லாவா இருக்கும்?"

இன்னொரு தடவை டிக்கெட்டைப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம். இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் எங்களை நிறுத்தி, "எங்க போய்க்கினு இருக்கீங்க?" என்றார்.

சர்க்கார் ஆள் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, "சொந்தக்காரங்க வூட்டுக் கல்யாணங்க" என்றேன்.

"புரட்டாசியில ஏதுய்யா கல்யாணம்?"

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையன் முன்னால் வந்து, "நான் ஜெயில் கைதிங்க. மூணு நாள் லீவு. ஊருல நெலம் அளக்கறாங்க. இவரு என்னப் பாத்துக்க வந்த சர்க்கார் ஆளு. பயந்த சுபாவம்" என்றான்.

சிரிப்பு நின்றது. "எந்த ஜெயிலு?" என்று ஒருத்தர் கேட்டார். சொன்னான். "எங்க மாமனும் அங்கதான்யா கீறாரு! பெரிய மீசை, ஒரு காது மந்தம். எப்டி இருக்காரு?"

"பக்கத்துக் கொட்டடிதான். சோத்துல கல்லு கெடக்குதுன்னு தெனம் சத்தம் போடறாரு. நல்லாத்தான் இருக்காரு."

"அது எங்க மாமன்தான்!" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கால் மணி நேரத்தில் எங்களை வயல் வழியாக ஒரு டிராக்டரில் ஏற்றி அந்தப் பக்கம் விட்டார்கள். போகும்போது அந்த முதல் ஆள் என்னிடம், "சார், கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளைய விசாரிச்சதா சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலையில் காட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். சர்வேயர் மட்டும் வரவில்லை. ரோடு அடைத்திருந்ததால் சங்கராபுரத்திலேயே நின்றுவிட்டார் என்று தகவல். ஒரு பக்கம் சின்னப்பொண்ணு. இன்னொரு பக்கம் மங்கா, அவளுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு கொழுந்தன்மார் இரண்டு பேர். நடுவில் வெள்ளையன். அவன் கையில் கடப்பாரை. தோண்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். முன்பு அடித்ததும் ஒரு கடப்பாரையால்தான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவனுக்கும் கொழுந்தன்மாருக்கும் நடுவில் போய் நின்றேன். நின்று என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

வெள்ளையன் பாறைப் பக்கம் போகவில்லை. அதற்கு நேர் எதிராக, தன் சாமைக்குள்ளேயே நடந்தான். இருபது இருபத்தைந்து அடி உள்ளே போய், கதிர்களை விலக்கி, ஒரு இடத்தில் குத்தினான். மேல் மண் போனதும் உள்ளே வேறு மண். கல் நின்றிருந்த குழியின் அச்சு, அடியில் முட்டுக் கொடுத்திருந்த சில்லுக்கற்களோடு அப்படியே இருந்தது.

"இங்கதான் இருந்துது. நான்தான் புடுங்கி ஓடையில போட்டேன். அண்ணன் வந்து ஏன்டா புடுங்கனேன்னு கேட்டாரு. அவரு சொன்னது நெஜம். நெஜம்னு தெரிஞ்சிதான் கோவம் வந்துது."

மங்கா மட்டும், "அப்ப, அவரு நெஜத்த சொல்லிட்டுத்தான் செத்தாரு" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். கொழுந்தன்மாருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சண்டைக்கு வந்தவர்களுக்குச் சண்டை போட ஆளே இல்லாமல் போய்விட்டது.

சின்னப்பொண்ணுதான் கத்தினாள். "இத சொல்லவா இம்மாந் தூரம் வந்த? ரெண்டு புள்ளைங்க சோத்துல மண்ண அள்ளிப் போடறதுக்கு சர்க்கார் லீவு குடுத்துச்சா உனக்கு?"

அவன் அவளைப் பார்க்காமல் என்னிடம் வந்தான். "சார், இத எழுதுங்க. எழுதலன்னா நான் போனப்புறம் இங்க கல்லு நட்டாலும் திரும்பப் புடுங்கிடுவாங்க. சர்வேயர் வரும்போது நான் இருக்க மாட்டேன்."

எழுதினேன். அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. கல் இருந்த இடம், யார் பிடுங்கியது, ஏன் பிடுங்கியது, செத்தவர் என்ன கேட்டார், அன்றைக்கு இவன் குடித்திருக்கவில்லை என்பது உட்பட எல்லாம். கார்பன் வைத்து மூன்று பிரதி. எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். எங்கள் அலுவலக வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஒன்று சம்பந்தப்பட்டவருக்கு, ஒன்று ஆபீஸ் பைலுக்கு, ஒன்று ஜெயிலுக்கு. மங்காவின் பிரதியை அவள் கையிலேயே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஜெயில் வாசலுக்கு வந்தால் உள்ளே விடவில்லை. புதிதாக இரண்டு வண்டி ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வாசல் காவலர், "உள்ள எடமில்ல, நாளைக்கு வாங்களேன்" என்றார். வெள்ளையன்தான், "சீட்டுல இன்னிக்குத் தேதி போட்டிருக்குது சார், வாங்கிக்கங்க" என்று மன்றாடி உள்ளே போனான். ஜெயிலுக்குள் போகக் கெஞ்சிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அய்யா ஆபீஸுக்கு வர முடியவில்லை. பஸ் இல்லை. நான் வழக்கப்படி மூன்றாவது பிரதியைத் தபாலில் சேர்த்தேன். பெருமையாக இருந்தது. ஏழாம் வகுப்புப் படித்தவன் எழுதியதைப் பெரிய அதிகாரிகள் படிக்கட்டும் என்று இருந்தது.

அவர் வந்து ஆபீஸ் பிரதியைப் படித்தார். பாதியிலேயே தலையைத் தூக்கினார்.

"ஜெயிலுக்கு அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேங்க."

"அந்தம்மாவுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. ரெண்டு காப்பி போதாதாய்யா உனக்கு?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர்தான் புரியவைத்தார், அவர் பயந்தபடியே நடந்தது. வெள்ளையனுக்கு முன்கூட்டி விடுதலை கொடுக்கலாமா என்று பார்க்கிற குழு அந்த வருஷக் கடைசியில் கூடியது. அவர்கள் கையில் என் மூன்றாவது பிரதி இருந்தது. குடிபோதையில் நிதானமிழந்து செய்த குற்றம் என்றல்லவா தண்டனை குறைந்தது? இங்கே சர்க்கார் ஊழியனே எழுதிக் கொடுத்திருக்கிறான்: போதை இல்லை, நிலத்துக்காக, தெரிந்தே. சிகிச்சையும் மறுத்திருக்கிறார். விடுதலை இல்லை என்று எழுதிவிட்டார்கள். அவனோடு இருந்த வகுப்புச் சீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில் விடுதலையானார்கள். வெள்ளையன் இன்னும் நான்கு வருஷம் உள்ளே இருந்தான்.

டிக்கெட்டைப் பற்றி, தபால் தலையைப் பற்றி, கடப்பாரையைப் பற்றி, ஓய்வூதியத்தைப் பற்றி எல்லாம் கவலைப்பட்ட நான் அந்த ஒரு பிரதியைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ரோடு திறந்து சர்வேயர் போனபோது, கொழுந்தன்மார் அந்தக் குழியையே மூடிவிட்டு வேறு இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். மங்கா தன் பிரதியை எடுத்து நீட்டியிருக்கிறாள். இது பியூன் எழுதியது, செல்லாது என்றார்களாம். ஜெயிலுக்கு அனுப்பிய பிரதியில் ஜெயில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது, அதன் நகலை வாங்கி வா என்று தாலுகா ஆபீஸில் யாரோ சொல்ல, அவள் அலைந்து வாங்கி வந்தாள். அதை வைத்துத்தான் கல் அந்த இடத்தில் நின்றது. அதாவது, அய்யா வேண்டாம் என்று சொன்ன அதே மூன்றாவது பிரதி.

அது தப்பா சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அனுப்பாமல் இருந்திருந்தால் இரண்டு பெண்பிள்ளைகளின் நிலம் போயிருக்கும். அனுப்பியதால் ஒரு மனுஷனின் நான்கு வருஷம் போனது. காகிதத்தை எழுதும்போது அது யார் யார் மேசைக்குப் போகும் என்று ஒரு தடவை மனசுக்குள் நடந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். நடந்து பார்த்த பிறகும் அனுப்ப வேண்டி வரலாம். அப்போது தெரிந்து அனுப்புங்கள். நான் தெரியாமல் அனுப்பினேன்.

குழு முடிவு வந்ததும் ஜெயிலுக்குப் போய்க் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று வெள்ளையனிடம் சொன்னேன். என்னால்தான் என்றும் சொன்னேன். அவன், "நீங்க எழுதனதுல பொய் ஒண்ணும் இல்லியே சார்" என்றான். பிறகு, "எங்க வூட்டுல கொஞ்சம் சொல்லிடுங்க. கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கற துண்டுல வெதைக்க வேணாம்னு. நான் இல்லன்னு வெதச்சாலும் வெதைப்பா" என்றான்.

அடுத்த சந்தையில் சின்னப்பொண்ணு புளி விற்றுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, குழு சொன்னதையும் அவன் சொன்னதையும் சொன்னேன். புளியைக் கூறு கட்டிக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை.

"குடிக்கறவனுக்கெல்லாம் ஒரு கிளாஸ் வெச்சி, சீட்டு குடுத்து, வூட்டுக்கு அனுப்பறீங்க" என்றாள். "இவன மாதிரி நெஜம் சொல்றவனுக்கும் ஒரு கிளாஸ் வைங்க சார். நெஜம் சொல்லி கெட்டேன், இனிமே சொல்ல மாட்டேன்னு ஆறு மாசம் சொல்லட்டும். நானே கையப் புடிச்சி கூட்டிக்கினு வந்து உக்கார வெக்கறேன்."

நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"புளி வாங்கறீங்களா, இல்லியா? பின்னால ஆளுங்க நிக்கறாங்க."